அச்சாணி கழன்றால் வியாபாரமும் கவிழும்

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது பழமொழி. ஆண்டுதோறும் ஆனித் தேர் பார்க்கும் நெல்லைக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் நாற்பது வருடமாக மொத்த வியாபாரம் செய்யும் எனக்கு அதன் முழுப் பொருள் பத்தமடைச் சாலையில்தான் விளங்கியது. வணிக நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் கடைச் சரக்கு வண்டிக்குப் பிரேக் வேலை வந்தது. ஒரு பட்டறையில் விட்டோம். மறுநாள் அம்பாசமுத்திரத்துக்குப் பருப்பும் சீனியும் போயாக வேண்டும். "இன்றைக்கே வண்டி வேண்டும்" என்று மூன்று முறை ஆள் அனுப்பினேன். விளக்கு வைக்கிற நேரத்தில் வண்டி வந்தது. பணம் கொடுத்தேன், பில் கேட்கவில்லை.

காலையில் பேட்டை தாண்டியதும் டிரைவர் போன் செய்தார். "அண்ணாச்சி, முன்னால இடது வீல்ல கடகடன்னு சத்தம் வருது. ஸ்டியரிங்கும் ஆடுது" என்றார். "சரக்க இறக்கிட்டு வந்து பாத்துக்கலாம்பா, கடைக்காரங்க காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றேன். முதலாளி சொல்லைத் தட்டாமல் கொஞ்ச தூரம் போயிருக்கிறார். பத்தமடைக்கு முன்னால் மனம் கேட்காமல் ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், ஐந்து வீல் நட்டில் இரண்டைக் காணோம். மீதி மூன்றும் விரலால் திருகினாலே கழன்றன. பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற நேரம் அது. சக்கரம் கழன்று ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

பட்டறைக்காரரிடம் சத்தம் போட்டேன். "பையன் முறுக்கியிருப்பான்னு நெனச்சேன் அண்ணாச்சி. நீங்களும் ரொம்ப அவசரப்படுத்திட்டீங்க" என்றார். முறுக்காமல் விட்டது அவர் தவறு. அவசரப்படுத்தியது என் தவறு. சத்தம் வருகிறது என்ற பிறகும் "போ" என்றேனே, அது முழுக்க முழுக்க என் தவறு.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், விமானி அறையின் முன் கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. தலைமை விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட, ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி பத்திரமாகத் தரையிறக்கினார். விமானியும் பிழைத்தார். விசாரித்தால், 27 மணி நேரத்துக்கு முன்தான் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருக்கிறது. மாட்டிய 90 போல்ட்டுகளில் 84 தடிமன் குறைந்தவை! ஸ்டோர் பொறுப்பாளர் சரியான அளவைச் சொல்லியும், வேலை பார்த்தவர் பழைய போல்ட்டோடு கண்ணால் ஒத்துப்பார்த்து எடுத்துவிட்டார். உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "இது மாதிரி ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வருபவரிடம் அளவைப் பார்த்துக் கொடுப்பதும் ஓர் உயிரைக் காப்பதுதான்.

பட்டபின் நான் கற்றுக்கொண்டவை இவை. வண்டியை எடுக்குமுன் சக்கர நட்டுகளை நம் கண்முன்னே வீல் ஸ்பேனர் போட்டு ஒருமுறை பார்க்கச் சொல்ல வேண்டும். வரிசையாக முறுக்காமல், எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி முறுக்கினால்தான் சக்கரம் சமமாக உட்காரும். ஹப்பும் சக்கரமும் சேரும் இடத்தில் துருவோ மண்ணோ இருந்தால், இறுக்கிய நட்டும் ஓட்டத்தில் தளரும். அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் உள்ள பட்டறை உத்தமம். குறைவாக முறுக்கினால் கழலும், மிதமிஞ்சி முறுக்கினால் ஸ்டட் முறியும். சக்கரம் கழற்றி மாட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். நட்டிலிருந்து சக்கரம் வரை பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தால், நட்டு திரும்பியது பார்த்தவுடன் தெரியும். தளர்ந்து ஓடிய சக்கரத்தில் நட்டை மட்டும் இறுக்கிவிட்டுப் போகக்கூடாது. ஸ்டட்டையும் துளையையும் சோதித்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

பில் அவசியம். சொந்தக் காருக்குச் செய்த வேலையில் குறை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 1915 என்ற எண்ணிலும் வழி கேட்கலாம். ஆனால் வணிக நோக்கத்துக்குப் பெற்ற சேவை இச்சட்டத்தில் வராது. சரக்கு வண்டிக்கு அந்த எதிர்வாதம் வரும் என்பதால் வக்கீலைக் கலந்துகொள்வது நல்லது. எங்கே போனாலும் பில் இல்லாமல் பேச்சு எடுபடாது.

வந்த மூட்டையை மறு எடை போடாமல் நாம் கிட்டங்கியில் ஏற்றுவதில்லை. பட்டறையிலிருந்து வந்த வண்டியை மட்டும் அப்படியே ரோட்டுக்கு அனுப்புகிறோம். அந்தப் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். டிரைவரிடமும் சொல்லிவிட்டேன்: "சத்தம் கேட்டா என்கிட்டக் கேக்காதப்பா. முதல்ல வண்டிய நிறுத்து, அப்புறம் போன் பண்ணு." உங்கள் டிரைவரிடமும் இன்றே இதைச் சொல்லி வையுங்கள். சரக்கு ஒரு நாள் தாமதமாகப் போனால் கடைக்காரர் கோபித்துக்கொள்வார், மறுநாள் சமாதானமாகிவிடுவார்.