‘எல்லாரும் சேர்ந்து ஒரு இடம் வாங்கிடலாம் மச்சி!’ - நண்பர்களின் கூட்டு வீடு எங்கே ஜெயித்தது, நம்ம ஊரில் எங்கே சிக்குகிறது?

நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப் ஒவ்வொன்றிலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பேச்சு வந்துவிடும். ஏற்காடு பக்கமோ, ஈ.சி.ஆர். தாண்டியோ ரெண்டு ஏக்கர். ஆளுக்கு ஒரு சின்ன வீடு. நடுவில் பெரிய கிச்சன், ஒரு வேப்பமரம், சாயங்காலம் டீ. ஒருத்தர் ரியல் எஸ்டேட் லிங்க் போடுவார், இன்னொருத்தர் ‘நான் ரெடி’ என்பார், பத்து ஹார்ட் விழும். மறுநாள் மேட்ச் ஆரம்பித்ததும் அந்த ரெண்டு ஏக்கர் ஸ்க்ரோலில் மேலே போய்விடும்.

ஆனால், இதை வெட்டிக் கனவு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம் என்றே முடிவெடுத்தவர்களும் இருக்கிறார்கள். அம்மா அப்பா ஊரில், அண்ணன் டொரண்டோவில். காய்ச்சல் வந்தால் கஞ்சியை ஆப்பில் ஆர்டர் செய்துவிடலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு யார் கூட வருவது? அறுபது வயதில் யாரோடு இருப்பது? இந்தக் கேள்விகளுக்கு ‘என் ஃப்ரெண்ட்ஸ்’ என்று பதில் சொல்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் சிலர் நிஜமாகவே சேர்ந்து வீடு கட்டி, அரை நூற்றாண்டாக வாழ்ந்தும் காட்டியிருக்கிறார்கள்.

ஆறு நண்பர்கள் ஆரம்பித்த பேச்சு

இந்த மாதிரி வீடுகளுக்கு இன்று ‘கோ-ஹவுசிங்’ என்று பெயர். தொடங்கிய இடம் டென்மார்க். 1964-ம் வருஷக் குளிர்காலத்தில் யான் குட்மன்-ஹோயர் என்ற கட்டடக்கலைஞரும் அவருடைய ஐந்து நண்பர்களும் உட்கார்ந்து பேசினார்கள். நகரத்து அடுக்குமாடியும் பிடிக்கவில்லை, புறநகரில் வேலி போட்ட தனி வீடும் பிடிக்கவில்லை, வேறு வழி இருக்கிறதா என்பதுதான் பேச்சு. கோபன்ஹேகன் அருகே ஹாரெஸ்கோவில் இடமும் வாங்கினார்கள். அங்கேதான் முதல் அடி விழுந்தது. ‘இத்தனை குடும்பம், இத்தனை பிள்ளைகள் வந்தால் ஒரே சத்தமாக இருக்கும்’ என்று அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

கனவு அங்கேயே முடிந்திருக்கலாம். 1967-ல் போடில் கிரா என்ற எழுத்தாளர், குழந்தைகளுக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்ற தலைப்பில் ‘போலிட்டிகன்’ நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த வருஷம் குட்மன்-ஹோயரும் தங்கள் தோற்றுப்போன திட்டத்தைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். ‘நாங்களும் இப்படி வாழ ஆசைப்படுகிறோம்’ என்று குடும்பம் குடும்பமாகக் கடிதங்கள் வந்தன. ஆறு பேரின் ஆசை என்று நினைத்தது ஊரின் ஆசையாக இருந்தது. 1972-ல் ஹில்லரோட் அருகே ‘ஸெட்டடாமன்’ என்ற குடியிருப்பில் 27 வீடுகள் எழுந்தன. 1973-ல் 33 வீடுகளோடு ‘ஸ்க்ரோபிளானெட்’. பிறகு சார்லஸ் டுரெட், கேத்ரின் மெக்காமன்ட் என்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர் தம்பதி டென்மார்க் வந்து இவற்றைப் பார்த்து, 1988-ல் எழுதிய புத்தகம்தான் ‘கோ-ஹவுசிங்’ என்ற ஆங்கிலச் சொல்லையே பரப்பியது. 1991-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் அமெரிக்காவின் முதல் கோ-ஹவுசிங் திறந்தது.

ரகசியம்: தனிக் கதவு, தனி அடுப்பு

கூட்டு வாழ்க்கை என்றதும் ஒரே ஹாலில் பாய் விரித்துப் படுப்பது, ஒரே பாத்ரூமுக்கு வரிசையில் நிற்பது என்று நினைத்துவிட வேண்டாம். டென்மார்க் மாடலில் ஒவ்வொரு வீடும் முழு வீடு. தனிக் கதவு, தனி பாத்ரூம், முக்கியமாக தனிக் கிச்சன். சம்பளம் அவரவர் சம்பளம். இது போக நடுவில் ஒரு பொது வீடு. அதில் பெரிய சமையலறை, சாப்பாட்டு அறை, குழந்தைகள் விளையாட இடம், வாஷிங் மெஷின், விருந்தாளி ரூம். வண்டிகளை எல்லையிலேயே நிறுத்திவிட வேண்டும். வீடுகளுக்கு நடுவே நடைபாதைதான். பால் வாங்கப் போனாலும் நாலு வாசலைக் கடந்துதான் போக வேண்டும். யாருக்கும் போன் போட்டு ‘ஃப்ரீயா?’ என்று கேட்காமலே பேச்சு நடந்துவிடும்.

பொதுச் சாப்பாட்டின் கணக்குதான் இதில் அழகு. வாரத்துக்குச் சில நாள் எல்லாருக்கும் ஒரே இடத்தில் ராத்திரிச் சாப்பாடு. சமையல் முறை வைத்து நடக்கும். முப்பது பெரியவர்கள் இருந்து, நாளைக்கு இரண்டு பேர் சமைத்தால், பதினைந்து சாப்பாட்டுக்கு ஒரு தடவைதான் உங்கள் முறை. மற்ற பதினாலு நாள் ஆபீஸ் முடிந்து வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தால் போதும். மூட் இல்லையா? வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரசம் சாதம் சாப்பிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நம் கூட்டுக் குடும்பங்களில் மருமகள்களுக்குக் கிடைக்காத சுதந்திரம் இந்தக் கதவுதான்.

இதற்கு நேர் எதிர்த் துருவமும் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1967-ல் தொடங்கிய ‘ட்வின் ஓக்ஸ்’ சமூகத்தில் வருமானமே பொது. சமூகத்தின் தொழில்களில் வரும் பணம் ஒரே பெட்டிக்குப் போகும். வாரத்துக்குச் சுமார் 40 மணி நேரம் ஒவ்வொருவரும் வேலை செய்து கணக்குக் காட்ட வேண்டும். சமைப்பது, குழந்தை பார்ப்பது, பாத்திரம் தேய்ப்பதும் அந்த மணி நேரத்தில் சேரும். வீட்டு வேலையும் வேலைதான் என்று வாயால் சொல்லாமல் கணக்கில் எழுதிய இடம் அது. ஆனால், இ.எம்.ஐ.யும் பி.எஃப்.பும் இருக்கிற ஐ.டி. நண்பர்கள் கூட்டத்துக்கு இது ஒத்துவருமா என்றால், சந்தேகம்தான்.

18 வருஷம் காத்திருந்த பாட்டிகள்

லண்டன் ஹை பார்னெட்டில் ‘நியூ கிரவுண்ட்’ என்றொரு குடியிருப்பு இருக்கிறது. 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மட்டும். 25 வீடுகள். நெதர்லாந்தில் முதியவர்கள் இப்படிச் சேர்ந்து வாழ்வதைப் பற்றிக் கேள்விப்பட்டு, 1998-ல் சில பெண்கள் சேர்ந்து ஆரம்பித்த முயற்சி. குடியேறியது 2016 இறுதியில். கணக்குப் போட்டுப் பாருங்கள், 18 வருஷம்! இடம் கிடைக்க வேண்டும், கட்டித்தர ஒரு வீட்டுவசதி அமைப்பு முன்வர வேண்டும், உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். 52 வயதில் கனவு கண்டவர் சாவி வாங்கும்போது 70.

அத்தனை வருஷமும் வீணாகவில்லை. செங்கல் வருவதற்கு முன்பே அவர்கள் மாதாமாதம் கூடிப் பேசி, விதிகளை எழுதினார்கள். முடிவுகளை எப்படி எடுப்பது, சண்டை வந்தால் என்ன செய்வது, புதிதாக வருபவரை யார் தேர்ந்தெடுப்பது. 25-ல் 8 வீடுகள், சொந்தமாக வாங்க வசதியில்லாத பெண்களுக்கு வாடகைக்கு ஒதுக்கப்பட்டன. ‘நம்ம கேங்’ என்று சொல்லும்போது அதில் சம்பளம் குறைவான நண்பனும் இருப்பான் அல்லவா? பெரும்பாலான வாட்ஸ்அப் திட்டங்கள் அவனை மறந்துவிடுகின்றன. ஆளுக்கு 20 லட்சம் என்ற மெசேஜ் வந்ததும் அவன் மௌனமாகிவிடுவான்.

சரி, நம்ம ஊரில்?

கூட்டு வாழ்க்கைக்கு நமக்குப் பக்கத்து உதாரணம் 1968-ல் புதுச்சேரி அருகே தொடங்கிய ஆரோவில். அங்கே நிலமும் வீடும் யாருடைய தனிச் சொத்தும் அல்ல. 1988-ம் வருஷச் சட்டப்படி எல்லாம் ஆரோவில் அறக்கட்டளைக்குச் சொந்தம். வாரிசுச் சண்டை கிடையாது. ஆனால், காசு போட்டு வீடு கட்டியவரும் வெளியேறும்போது அதை விற்று எடுத்துக்கொண்டு போக முடியாது. நாலு நண்பர்கள் தனியாக ஆரம்பிப்பதோ வேறு கதை. இங்கே பத்திரம்தான் வில்லன்.

நாலு நண்பர்கள், நாலு பேர் பெயரிலும் ஒரே பத்திரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் தடை வங்கி. பெரும்பாலான வங்கிகள் வீட்டுக் கடனுக்குக் கணவன் - மனைவி, பெற்றோர், பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவுகளைத்தான் இணை விண்ணப்பதாரராக ஏற்கின்றன. நண்பன் அந்தப் பட்டியலில் இல்லை. அதையும் தாண்டி கையிலிருக்கும் காசில் வாங்கியாச்சு. அடுத்தது, நாலு பேரில் ஒருவர் விபத்தில் இறந்துவிடுகிறார். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் யோசித்துத்தான் ஆக வேண்டும். அவர் பங்கு மீதி மூன்று நண்பர்களுக்கு வராது. உயில் இல்லாவிட்டால் வாரிசுகளுக்குப் போகும். கல்யாணமாகாத இந்து ஆண் என்றால் 1956-ம் வருஷ வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கு. கணவரும் குழந்தையும் இல்லாத இந்துப் பெண் என்றால் இன்னும் விநோதம்: அவர் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய பங்கு, இறந்துபோன கணவரின் வாரிசுகளுக்குத்தான் முதலில் போகும். கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் விதிகள் வேறு, ஆனால் நண்பர்கள் எதிலும் இல்லை.

இன்னொரு சிக்கல், ஒருத்தர் தன் பங்கை விற்றுவிட்டுப் போவது. குடும்ப வீட்டில் இப்படி ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், 1882-ம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-வது பிரிவு குடும்பத்துக்கு ஒரு பாதுகாப்பு தருகிறது. அந்த வெளியாள் நேராக வந்து கூடவே குடியிருக்க உரிமை கேட்க முடியாது. ஆனால், சட்டம் சொல்வது ‘பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு’. 20 வருஷமாக ஒரே சட்டியில் சாப்பிட்ட நண்பர்கள் அந்த வார்த்தைக்குள் வரமாட்டார்கள். பத்திரப் பதிவிலும் இதே கதைதான். குடும்பத்துக்குள் பங்கை விட்டுக்கொடுத்தால் முத்திரைத்தாள் கட்டணத்தில் சலுகை உண்டு. நண்பனுக்கு விட்டுக்கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது.

அந்த ரெண்டு ஏக்கருக்கும் ஒரு வார்த்தை. விவசாய நிலத்தில் நினைத்த இடத்தில் நாலு வீடு கட்டிவிட முடியாது. நில வகைப்பாடு மாற்றம், திட்ட அனுமதி எல்லாம் வேண்டும். ஏற்காடு, கொடைக்கானல் என்றால் மலைப்பகுதிக் கட்டுப்பாடுகள் தனி.

அப்போ என்னதான் செய்வது?

கிளம்புவதைப் பற்றி முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். கல்யாணமோ, வெளிநாட்டு வேலையோ, மனஸ்தாபமோ, யாராவது ஒருவர் கிளம்பத்தான் போகிறார். அவர் பங்கை முதலில் மற்ற நண்பர்களுக்குத்தான் கொடுக்க முன்வர வேண்டும், விலையை யார் மதிப்பிடுவது, பணம் எத்தனை மாதத்தில் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ‘யாரும் எப்போதும் விற்கவே கூடாது’ என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதினால் அது கோர்ட்டில் நிற்பது கஷ்டம். சொந்தமாகச் சம்பாதித்த பங்கை நண்பருக்கு உயில் எழுத முடியும், இரண்டு சாட்சிகள் போதும். (இஸ்லாமியர்கள் என்றால், வாரிசுகள் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் கொடுக்க முடியாது.) கம்பெனி அல்லது கூட்டுறவு வீட்டுவசதி சங்கம் பெயரில் வாங்குவது இன்னொரு வழி. எதுவானாலும் வக்கீலைப் பார்த்துவிட்டுத்தான்.

உடல்நிலை விஷயத்திலும் காகிதம் தேவை. ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசியில் நண்பரைச் சேர்க்க முடியாது, ஆளுக்கொரு பாலிசிதான். ஆனால், ஒரு சட்டம் நண்பர்களைக் கண்டுகொண்டிருக்கிறது. 2017-ம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மேஜரான எவரும் சிகிச்சை முடிவுகளில் தனக்குத் துணை நிற்க ஒரு பிரதிநிதியை எழுத்து மூலம் நியமிக்கலாம். அவர் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதெல்லாம் தலைசுற்றுகிறது என்பவர்களுக்கு, டென்மார்க் சூத்திரத்தை அப்படியே அபார்ட்மென்ட்டுக்குள் கொண்டுவர முடியும். ஒரே பிளாக்கில் மூன்று பேர் தனித்தனியாக மூன்று பிளாட் வாங்குவது. அவரவர் பெயர், அவரவர் லோன், அவரவர் யு.டி.எஸ். பங்கு. நாலாவதாக ஒரு பிளாட்டை மட்டும் சேர்ந்து வாடகைக்கு எடுத்துப் பொது வீடாக வைத்துக்கொள்வது. ஒருவர் கிளம்பினாலும் மற்ற இருவர் வீடு ஆடாது. வாங்குவதற்கு முன் ஒரு வருஷம் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாடகைக்கு இருந்து பார்ப்பதும் நல்லது. ‘ஒன்லி ஃபேமிலி’ என்று போர்டு மாட்டியிருக்கும் ஹவுஸ் ஓனர்களைத் தாண்டி அதைப் பிடிப்பதே ஒரு சோதனைதான். அந்த ஒரு வருஷத்தில் மாவு கிரைண்டரை யார் கழுவுகிறார்கள், யாருடைய விருந்தாளி பத்து நாள் தங்குகிறார், கரன்ட் பில்லில் ஏ.சி. போட்டவர் எவ்வளவு தருகிறார் என்று தெரிந்துவிடும். மூன்றையும் பேசித் தீர்க்க முடிந்தால், அடுத்து பிளாட் பார்க்கப் போகலாம்.