வணிகப் புள்ளியியற் பாடநூல்: வகுப்பறை நோக்கில் ஒரு மதிப்பீடு

நூலை மதிப்பிடுதற்குரிய அளவுகோல்களைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்னரே வகுத்துவைத்தனர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் தொகுத்துரைக்கின்றது. இவை இலக்கண நூலுக்கே உரியன என்று கொள்ளுதல் பொருந்தாது. ஆதலின், தமிழ்நாட்டரசு 2019இல் வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்பு ‘வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்’ என்னும் நூலின் புள்ளியியற் பகுதியை, அவற்றுள் நான்கினைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். கணக்கின் பிழைகளைக் கணித ஆசிரியர் காண்பர். சொல் கருத்தைத் தாங்குகின்றதா என ஆராய்தல் தமிழாசிரியரின் கடனாகும்.

முதலாவது, முறையின் வைப்பு என்னும் அழகு. மாறி, நிகழ்தகவுப் பரவல், கூறெடுப்பு, குறியீட்டெண் என ஒன்றை அறிந்தபின் மற்றொன்றை அறியுமாறு இயல்கள் நிரல்பட அமைந்துள்ளன. இது பாராட்டத்தக்கது.

இரண்டாவது, மயங்கவைத்தல் என்னும் குற்றம். இந்நூல் ‘சமவாய்ப்பு மாறி’ என்னும் கலைச்சொல்லை ஆள்கின்றது. சொல்லை நோக்கும் மாணவர், அம்மாறி ஏற்கும் மதிப்புகள் யாவும் ஒத்த வாய்ப்புடையன என்றே கருதுவர். உண்மை அஃதன்று. இரண்டு பகடைகளை உருட்டி அவற்றின் எண்களைக் கூட்டினால், 7 வருதற்கு 36இல் 6 வாய்ப்புகள் உண்டு; 2 வருதற்கு ஒன்றே உண்டு. இக்கூட்டுத்தொகையும் சமவாய்ப்பு மாறி என்றே வழங்கப்பெறும். அதன் மதிப்புகளுக்கோ வாய்ப்பு சமமாயில்லை. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒத்த வாய்ப்பளிக்கும் கூறெடுப்பில் இச்சொல் பொருந்தும், மாறிக்குப் பொருந்தாது. இலங்கைத் தமிழர் இதனை ‘எழுமாற்று மாறி’ என்பர். அச்சொல்லில் இம்மயக்கத்திற்கு இடமில்லை. எனினும், இலங்கை வழக்கு முழுவதையும் அப்படியே கொள்ளுதலும் எளிதன்று. அங்கு ‘இடை’ என்பது சராசரியைக் குறிக்கும். நாம் ‘இடைநிலை அளவு’ என்பதனை அவர்கள் ‘இடையம்’ என்பர். இருநாட்டு நூல்களையும் பயிலும் மாணவர்க்கு இவ்வேறுபாட்டை முன்னரே உணர்த்துதல் வேண்டும்.

மூன்றாவது, விளங்கும் உதாரணம் உடைமை. மாநிலம் முழுமைக்கும் எழுதப்பெறும் நூல் ஒவ்வோர் ஊரின் வாழ்வையும் காட்டல் இயலாது. அக்குறையை ஆசிரியரே நிரப்புதல் வேண்டும். வடசென்னைப் புளியந்தோப்பில் தமிழ்வழி பயிலும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளையை எண்ணுக. ஒரு பட்டறையில் நால்வர் நாளொன்றுக்கு 500, 550, 600, 650 ரூபாயும், மேலாளர் 2,700 ரூபாயும் பெறுகின்றனர் எனக் கொள்வோம். ஐவரின் கூட்டுச் சராசரி 1,000 ரூபாய். தொழிலாளர் ஒருவரேனும் அத்தொகையை எட்டவில்லை. இடைநிலை அளவாகிய 600 ரூபாயே அவர்தம் நிலைக்கு அணிமையது. இவ்வெடுத்துக்காட்டைக் கேட்டவர் ‘சராசரிக் கூலி’ என்னும் தொடரைப் பின்னர் எங்குக் காணினும் எச்சரிக்கையோடு நோக்குவர்.

நான்காவது, நின்றுபயனின்மை என்னும் குற்றம். குறியீட்டெண் கற்பிக்குமிடத்து இஃது எளிதில் நேரும். லாஸ்பியர் (1871) அடிப்படை ஆண்டில் நுகர்ந்த அளவுகளை நிறையாகக் கொண்டார். பாசி (1874) நடப்பாண்டின் அளவுகளைக் கொண்டார். அரிசி விலை ஏறியமையால் ஒரு குடும்பம் அரிசியைக் குறைத்து உண்ணின், பழைய அளவு ஒரு விடையையும் புதிய அளவு வேறொரு விடையையும் தரும். பெரும்பாலும் முன்னதே மிகும். இஃது ஏட்டளவில் நிற்கும் வேறுபாடன்று. புளியந்தோப்பை அடுத்திருந்த பக்கிங்காம் ஆலை 1876இல் தோன்றியது. கர்நாடிக் ஆலையோடு ஒன்றாகி இயங்கி, 1996இல் மூடப்பெற்றது. வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்ணை ஒட்டி அகவிலைப்படி கணிக்கும் முறை இந்திய ஆலைத்தொழிலில் நிலைபெற்ற ஒன்று. எவ்வாண்டின் அளவு நிறையாகின்றது என்பது, ஆங்கெல்லாம் கூலியின் அளவையே மாற்றவல்லது. சூத்திரத்தில் எண்களை இட்டு விடைகண்டு இதனை வினவாத மாணவர், தேர்வில் வெல்லினும் பாடத்தின் பயனைப் பெற்றவராகார்.

எனவே, இந்நூல் வகுப்பறைக்கு ஏற்றதே. ஆயின் ஆசிரியரின் துணையுரையின்றித் தனித்து நிற்கவல்லதன்று. அடுத்த பதிப்பில் ‘சமவாய்ப்பு மாறி’ என்னும் சொல் மறு ஆய்வு பெறுதல் வேண்டும். அதுகாறும், பாடம் முடிந்தபின் நூலை மூடிவைத்து, ‘இவ்வெண் யாருடைய நிலையைச் சொல்கின்றது?’ என மாணவரை வினவி, அவர்தம் சொந்தத் தமிழில் விடை பெறுதல் ஆசிரியர்க்குத் தக்கதாம்.