அயலார் கடனும் நமது கடமையும்

ஏழைகளைக் காக்க அந்நிய ஸ்தாபனங்களின் பணத்தைப் பெறுவது தேசத்துக்கு இழுக்கென்று நண்பர் சிலர் கருதுகின்றனர். விழுப்புரம், திண்டிவனம் பிரதேசத்தில் நடந்த சங்கதியை அவர்கள் கவனிப்பாராக.

ரோமாபுரியில் தலைமை ஸ்தானம் கொண்ட ஐக்கிய நாடுகளின் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியின் உதவியால், 1989-இல் தர்மபுரியில் மாதர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. பின்னர் இவ்விரு ஊர்களும் அடங்கிய பழைய தென்னாற்காடு ஜில்லாவுக்கும் அவை பரவின. ஸ்திரீகள் சிறுகச் சேமித்துத் தம்முள்ளே கடன் கொடுத்து வாங்கினர். பாங்கியின் கதவும் அவர்களுக்குத் திறந்தது.

ஆயினும் அப்பணம் தர்மமன்று. திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். 1997-98-இல் ராஜாங்கம் சொந்தப் பொருளைக் கொண்டே மகளிர் திட்டத்தை ஏற்படுத்தியதுதான் மெய்யான வெற்றி. 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதிச் சட்டம் அமலுக்கு வந்தபொழுது, தமிழ்நாட்டில் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட 6 ஜில்லாக்களுள் விழுப்புரமும் ஒன்று. அதன் கூலி பிச்சையன்று. சட்டம் அளித்த பாத்தியதை. வேலைகளின் கணக்கைப் பரிசோதிக்கும் உரிமையையும் அச்சட்டம் கிராம சபைக்கே அளித்தது.

இங்கேதான் நமது பொறுப்பு தொடங்குகிறது. அயலான் கடன் கொடுத்தால் கணக்குக் கேட்க அவனுடைய உத்தியோகஸ்தன் வருவான். நமது வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்பவர் யார்? சபையில் நாம் வாய் திறவாவிடில் ஒருவருமிலர். எனவே கடன் கொடுத்தவனை வைவதை விடுத்து, தேசபக்தர்கள் தத்தம் கிராம சபைக்குச் செல்வாராக. பயன் பெறுவோர் ஜாபிதாவை உரக்க வாசிக்கச் சொல்வாராக. ஏழைக்குரியதில் ஒரு காசும் குறையாதிருப்பதே சுயராஜ்யம்.