தொடக்க நிறுவல் வட்டு: உருவாக்கமும் சோதனையும்

தொடக்க நிறுவல் வட்டு என்பது, வன்தட்டில் உள்ள இயங்குதளத்தின் துணையின்றிக் கணினியைத் தொடங்கி, புதிய இயங்குதளத்தை நிறுவ உதவும் குறுவட்டு, டிவிடி அல்லது பென் டிரைவ் ஆகும். பேச்சு வழக்கில் இது 'பூட்டபிள் டிஸ்க்' எனப்படுகிறது. வன்தட்டு மாற்றப்படும்போதும், இயங்குதளம் சிதைந்து கணினி தொடங்க மறுக்கும்போதும், பழைய இயங்குதளத்துக்குப் பதில் வேறொன்றை நிறுவும்போதும் இது தேவைப்படுகிறது.

இவ்வட்டைத் தயாரிக்க அரை மணி நேரம் போதும். ஆனால் நிறுவல் தொடங்கிய சில நிமிடங்களிலேயே வன்தட்டில் இருந்த பழைய இயங்குதளம் அழிக்கப்பட்டுவிடும். அதன்பின் வட்டில் பிழை இருப்பது தெரிந்தால், பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் கணினி நின்றுவிடும். எனவே, வன்தட்டில் கை வைக்கும் முன்பே வட்டைச் சோதித்துவிட வேண்டும்.

பள்ளி மடிக்கணினிகளும் பாஸ் லினக்ஸும்

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த இம்மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவித் தரப்பட்டது. 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கமே பாஸ். டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இந்த இயங்குதளத்தின் முதல் பதிப்பு 2007 ஆம் ஆண்டில் வெளியானது.

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகக் கூடலூர் வரை நீளும் கம்பம் பள்ளத்தாக்கின் மாணவர்களும் இத்திட்டத்தில் மடிக்கணினி பெற்றனர். வீட்டில் இருப்பது அந்த ஒரு கணினிதான் என்றால், அது நின்றுபோன பிறகு வேறொரு வட்டைத் தயாரிக்கக் கூட வழியிருக்காது. வட்டை முன்கூட்டியே சோதிப்பதன் தேவை இத்தகைய வீடுகளுக்கே அதிகம். கூடலூரிலிருந்து மலையேறினால் வரும் குமுளிக்கு அப்பால், கேரளத்தின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தை அம்மாநிலப் பள்ளிகளுக்கு வழங்கி வருகிறது.

இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியில், தொடக்கத்தில் தேர்வுப் பட்டியலைக் காட்டும் 'கிரப்' நிரலின் கோப்புகள் பொதுவாக லினக்ஸ் பகுதியில் இருக்கும். கூடுதல் இடம் வேண்டி அப்பகுதியை விண்டோஸிலிருந்து அழித்துவிட்டால், விண்டோஸ் கோப்புகள் பத்திரமாக இருந்தாலும் கணினி தொடங்காது. இதைச் சரிசெய்யவும் தொடக்க வட்டே தேவை. மேலும், விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் ஒரு மாற்று வழியாக உள்ளது.

வட்டு எவ்வாறு இயங்குகிறது

குறுவட்டில் கோப்புகளை அமைக்கும் முறையை ஐஎஸ்ஓ 9660 என்னும் 1988 ஆம் ஆண்டுத் தரம் வரையறுத்தது. வட்டிலிருந்தே கணினியைத் தொடங்கும் முறையை 1995 இல் பீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் 'எல் டொரிட்டோ' என்னும் பெயரில் வகுத்தன. ஐஎஸ்ஓ வட்டு 2,048 பைட்டுகள் கொண்ட பிரிவுகளாக அமைந்திருக்கும். சுழியிலிருந்து எண்ணும்போது 17 ஆவது பிரிவில், தொடக்க நிரல் எங்கே உள்ளது என்பதைக் காட்டும் குறிப்பு இருக்கும். கணினியின் பயாஸ் அதைப் படித்துத் தொடக்க நிரலை இயக்குகிறது.

வட்டின் முதல் 16 பிரிவுகள், அதாவது 32 கிலோபைட்டுகள், ஐஎஸ்ஓ தரத்தில் பயன்படுத்தப்படாமல் விடப்பட்டுள்ளன. இன்றைய லினக்ஸ் வட்டுக் கோப்புகள் பல, அந்த வெற்றிடத்தில் பென் டிரைவுக்கான தொடக்க நிரலையும் வைத்திருக்கின்றன. 'ஐசோஹைப்ரிட்' எனப்படும் இம்முறையால் ஒரே கோப்பை டிவிடியிலும் பென் டிரைவிலும் எழுதிப் பயன்படுத்த முடிகிறது. பயாஸுக்கு அடுத்து வந்த யூஇஎஃப்ஐ முறைக் கணினிகள், ஃபேட் அமைப்பில் உள்ள ஒரு பகுதியில் குறிப்பிட்ட பெயருள்ள தொடக்கக் கோப்பைத் தேடுகின்றன. எனவே, ஒரு கணினியில் தொடங்கும் வட்டு மற்றொரு கணினியில் தொடங்காமல் போகலாம்.

தயாரிக்கும் முறை

முதலில் கணினிக்கு ஏற்ற ஐஎஸ்ஓ கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. செயலி 64 பிட் வகையா என்பதை உறுதிசெய்த பின்னரே பதிவிறக்கம் செய்ய வேண்டும். குறுவட்டில் 700 மெகாபைட்டும், ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிகாபைட்டும் அடங்கும். அதைவிடப் பெரிய கோப்புகளுக்குப் பென் டிரைவே பொருத்தமானது.

புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, ஐஎஸ்ஓ கோப்பைச் சாதாரணக் கோப்பு போல வட்டில் நகலெடுப்பது. அவ்வாறு செய்தால் வட்டைத் திறக்கும்போது ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் தெரியும். கணினி அதிலிருந்து தொடங்காது. டிவிடியில் எழுதும்போது 'இமேஜை எழுது' என்னும் பொருளுடைய தேர்வையும், பென் டிரைவுக்கு ரூஃபஸ், பலேனா எட்சர் போன்ற மென்பொருள்களையும் பயன்படுத்த வேண்டும். எழுதும்போது பென் டிரைவில் முன்பு இருந்தவை அனைத்தும் அழிந்துவிடும்.

நான்கு சோதனைகள்

1. கோப்புச் சோதனை: பதிவிறக்கம் இடையில் தடைபட்டால் கோப்பு சிதையக்கூடும். இதைக் கண்டறிய இயங்குதளத்தை வெளியிடுவோர் ஷா-256 என்னும் சரிபார்ப்பு எண்ணைத் தருகின்றனர். இது 64 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் இந்த எண் முற்றிலும் மாறிவிடும். லினக்ஸில் 'ஷா256சம்' கட்டளையாலும், விண்டோஸில் 'செர்ட்யூட்டில்' கட்டளையாலும் இதைக் கணக்கிட்டு ஒப்பிடலாம்.

எண் பொருந்துவது மட்டும் எப்போதும் போதாது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், பின்வாசல் நிரல் சேர்த்த ஐஎஸ்ஓ கோப்புக்கு இணைப்பை மாற்றி வைத்தனர். தளத்தையே கைப்பற்றியவரால் அதிலுள்ள சரிபார்ப்பு எண்ணையும் மாற்ற முடியும். இதனால்தான் டெபியன் போன்ற திட்டங்கள் அந்த எண் பட்டியலுக்கு மின்னணுக் கையொப்பமும் இடுகின்றன. அக்கையொப்பத்தையும் சரிபார்த்தால் கோப்பு உரியவரிடமிருந்து வந்தது என்பது உறுதியாகும்.

2. எழுத்துச் சோதனை: சரியான கோப்பும் தவறாக எழுதப்படலாம். கீறல் விழுந்த டிவிடி, பழுதான பென் டிரைவ், உண்மையான கொள்ளளவைவிட அதிகமாகக் காட்டும் போலிப் பென் டிரைவ் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். எழுதி முடித்தபின் 'சரிபார்' என்னும் தேர்வு இருந்தால் அதைத் தவிர்க்கக் கூடாது. டெபியன் நிறுவியின் பட்டியலில் வட்டின் முழுமையைச் சோதிக்கும் தேர்வு உண்டு. உபுண்டு, 20.04 பதிப்பு முதல் தொடங்கும்போதே இச்சோதனையைத் தானாகச் செய்கிறது.

3. தொடக்கச் சோதனை: வட்டை, நிறுவப்போகும் அதே கணினியில் தொடங்கிப் பார்க்க வேண்டும். கணினியை இயக்கியதும் எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற விசைகளில் ஒன்றை அழுத்தினால் தொடக்கச் சாதனங்களின் பட்டியல் வரும். எந்த விசை என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. பட்டியலில் வட்டு தெரியாவிட்டால் பயாஸ், யூஇஎஃப்ஐ அமைப்புகளையும், 'செக்யூர் பூட்' இயக்கத்தில் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினியில் ஐஎஸ்ஓ கோப்பை இயக்கிப் பார்ப்பதும் பயனுள்ளதே. எனினும், அது கோப்பு நன்றாக உள்ளது என்பதை மட்டுமே காட்டும். கையில் உள்ள வட்டையோ, அந்தக் கணினியையோ அது சோதிப்பதில்லை.

4. நேரடி இயக்கச் சோதனை: பல லினக்ஸ் வட்டுகளை, வன்தட்டில் எதையும் எழுதாமல் 'லைவ்' முறையில் இயக்கலாம். இந்நிலையில் வைஃபை, ஒலி, விசைப்பலகை, டச்பேட், திரை ஆகியவை வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றில் வைஃபை சோதனை முக்கியமானது. வைஃபை இயங்காவிட்டால் விடுபட்ட மென்பொருளைப் பதிவிறக்கவும் இயலாது. டெபியன் தன் 12 ஆவது பதிப்பிலிருந்து (2023 ஜூன்) இத்தகைய வன்பொருளுக்குத் தேவையான ஃபர்ம்வேர் கோப்புகளை நிறுவல் வட்டிலேயே சேர்த்துத் தருகிறது.

தமிழில் நிறுவுதல்

டெபியன் நிறுவியைத் தமிழிலும் பயன்படுத்தலாம். ஆனால் எழுத்துமுறை நிறுவியில் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் காட்ட இயலாது என்பதால், மொழிப் பட்டியலில் தமிழ் வருவது வரைகலை நிறுவியில் மட்டுமே. தொடக்கப் பட்டியலில் 'கிராஃபிக்கல் இன்ஸ்டால்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழைக் காணலாம்.

நிறுவுவதற்கு முன்

நான்கு சோதனைகளிலும் வட்டு தேறிய பிறகும், ஒளிப்படங்கள், சான்றிதழ்களின் நகல்கள், பாடக் குறிப்புகள் போன்றவற்றை வேறொரு சாதனத்தில் சேமித்துக்கொள்ள வேண்டும். லைவ் முறையில் தொடங்கிய கணினியிலிருந்தே இக்கோப்புகளை மற்றொரு பென் டிரைவுக்கு நகலெடுக்கலாம். விண்டோஸ் தொடங்காத கணினியிலும் வன்தட்டு பழுதடையாமல் இருந்தால் இது பெரும்பாலும் இயலும். நிறுவி எந்த வட்டில் எழுத வேண்டும் என்று கேட்கும் இடத்தில், கொள்ளளவைப் பார்த்துச் சரியான வன்தட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இடம் வரை நிறுவலைக் கைவிட்டு வெளியேறலாம். அதைக் கடந்தபின் அழிந்தவற்றை மீட்பது கடினம்.

நிறுவல் முடிந்த பின் வட்டை அழிக்காமல், அதன் மேல் இயங்குதளத்தின் பெயர், பதிப்பு, தயாரித்த நாள் ஆகியவற்றைக் குறித்து வைப்பது நல்லது. அடுத்த முறை கணினி தொடங்க மறுக்கும்போது சோதித்துத் தேறிய வட்டு ஒன்று கைவசம் இருக்கும்.