இலையுதிர் காலம்: கையெழுத்துப் போடுமுன் பார்க்க வேண்டிய இணையத்தளங்கள்



நிகழ்ச்சியில் நான் சொல்லும் இணையத்தள முகவரிகளை அச்சில் தரும்படி பலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான வேண்டுகோள்தான். வானொலியில் ஒரு முகவரியை இரண்டு தடவை சொன்னாலும், கார் ஓட்டிக்கொண்டு கேட்பவர் அதை எங்கே எழுதுவது? ஆகவே ஒன்ராறியோவில் இருக்கும் எங்கள் குடும்பங்களுக்கு இந்தப் பருவத்தில் பயன்படக்கூடிய சிலவற்றை, வானொலியில் எழுத்துக்கூட்டிச் சொல்வது போலவே இங்கே தருகிறேன்.

முதலில் கதவைத் தட்டுபவரைப் பற்றிக் கதைக்க வேண்டும். செப்ரெம்பர் கடைசியில் குளிர் மெல்லத் தொடங்கும்போது ஃபேர்னஸைப் பற்றிய நினைப்பும் எல்லோருக்கும் வரும். அது விற்பனைக்காரருக்கும் தெரியும். "உங்கள் ஃபேர்னஸ் பழசு, ஹொட் வோட்டர் ராங்க் பாதுகாப்பில்லை, அரசாங்கம் புதிதாக மாற்றித் தருகிறது" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள்.

மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் நானே ஏமாந்தவன்தான். 2000களின் பிற்பகுதியில் ஓர் இளைஞர் வந்து, "உங்கள் ஹைட்ரோ பில்லைக் காட்டுங்கள், கூடுதலாக அறவிடுகிறார்களா என்று பார்க்க வேண்டும்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஐந்து வருடத்துக்கு மின்சார விலை ஏறாது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டேன். விலை ஏறவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த விலைக்கு மேல் வேறொரு வரியில் இன்னொரு கட்டணம் சேர்ந்து வந்தது. இப்போது அதை 'குளோபல் அட்ஜஸ்ட்மென்ற்' என்கிறார்கள். சாதாரண வாடிக்கையாளருக்கு அது விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும், ஒப்பந்தக்காரருக்குத் தனியாக வரும். பகல் முழுக்க மற்றவர்களின் கணக்கைப் பார்க்கும் எனக்கு இது விளங்க எட்டு மாதம் எடுத்தது. மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

2017 ஜனவரி 1 முதல் மின்சார, எரிவாயு ஒப்பந்தங்களை வீட்டு வாசலில் வைத்துக் கையெழுத்து வாங்குவது ஒன்ராறியோவில் தடை. 2018 மார்ச் 1 முதல் ஃபேர்னஸ், ஏர் கண்டிஷனர், ஹொட் வோட்டர் ராங்க், தண்ணீர் சுத்திகரிக்கும் கருவிகள், காற்று சுத்திகரிக்கும் கருவிகள், டக்ற் கிளீனிங் ஆகியவற்றையும் அழையாமல் வந்து வீட்டில் விற்கக்கூடாது. நீங்களாகவே முன்கூட்டித் தொடர்புகொண்டு, ஒப்பந்தம் பேசுவதற்கென்று அழைத்திருந்தால் மட்டும்தான் அவர் வீட்டில் வைத்து ஒப்பந்தம் எழுதலாம். விதியை மீறி எழுதிய ஒப்பந்தம் செல்லாது. பூட்டிய பொருளைக்கூட நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஏன் இன்னும் சனம் மாட்டுப்படுகிறது? ஒரு வழி தொலைபேசி. "இலவசமாகச் சோதித்துத் தருகிறோம், நாளைக்கு வரலாமா?" என்று கேட்பார்கள். நீங்கள் "ஓம்" என்றால், பிறகு "நீங்கள்தானே வரச்சொன்னீர்கள்" என்பார்கள். அவர்கள் எடுத்த அழைப்புக்கு ஓம் சொல்வது நீங்கள் அழைத்ததாகாது. ஆனால் அதை நிறுவுவதற்குள் உங்கள் தலை நரைத்துவிடும்.

ஸ்காபுறோவில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார். கணவர் இறந்தபின் பகலில் வீட்டில் தனியாக இருப்பவர். வந்தவர் தமிழில் "அம்மா" என்று கூப்பிட்டார், கழுத்தில் அட்டை தொங்கியது. இவர் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, காட்டிய இடமெல்லாம் கையெழுத்து வைத்தார். பின்னேரம் ஒரு பெண் தொலைபேசியில் ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, எல்லாவற்றுக்கும் "ஜெஸ்" என்றார். அந்தக் குரல் பதிவாகிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஏன் அம்மா கதவைத் திறந்தீர்கள் என்று மகன் கோபப்பட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. சோதனைச் சாவடியில் அட்டையோடு நிற்பவரைக் கண்டால் கேட்காமலே அடையாள அட்டையை எடுத்து நீட்டிப் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் விமானம் ஏறியதும் போய்விடாது.

மூன்று வருடம் கழித்து, 2021 இல், வீட்டை விற்கப் போனபோதுதான் வினை வந்தது. காணிப் பதிவில் அந்த வாடகைக் கருவிக்காக ஒரு பிணை உரிமை அறிவித்தல் பதியப்பட்டிருந்தது. வழக்கறிஞர்கள் சுருக்கமாக 'நோசி' என்பார்கள். அதை நீக்காமல் விற்பனையை முடிக்க முடியாது. நாள் குறித்தாயிற்று, மகனுக்கு வேறு வழியில்லை, கேட்ட பணத்தைக் கொடுத்தார்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. 2024 ஜூன் 6 முதல், வீட்டுப் பாவனைப் பொருட்களுக்காக இப்படி நோசி பதிவதை ஒன்ராறியோ அரசு தடைசெய்துவிட்டது. முன்பு பதிந்தவையும் காலாவதியானதாகவே கருதப்படும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: காலாவதியானது அந்தப் பதிவு மட்டும்தான். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தானாக இல்லாமற் போகாது, மாதக் கட்டணமும் நிற்காது. "நோசி போய்விட்டது, இனிக் கட்டத் தேவையில்லை" என்று சிலர் கட்டணத்தை நிறுத்திவிட்டுக் கடன் வசூலிப்பவரிடம் மாட்டியிருக்கிறார்கள். உங்கள் வீட்டின் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்க 'ஒன்லாண்ட் டொட் சீஏ' என்ற தளம் இருக்கிறது. கட்டணம் உண்டு. வீடு விற்கும் எண்ணம் இருந்தால் வாங்குபவரைத் தேடுமுன் பார்த்துவிடுவது புத்தி.

இனிக் கணக்கு. "மாதம் 129 டொலர்தான், ஒருநாள் கோப்பிக் காசு" என்பார்கள். பத்து வருட வாடகை, வருடத்துக்கு மூன்றரை வீத உயர்வு என்று சிறிய எழுத்தில் இருந்தால் என்ன ஆகும்? முதல் வருடம் 1,548 டொலர். பத்தாவது வருடத்தில் மாதம் 175 டொலரைத் தாண்டிவிடும். பத்து வருடத்துக்கும் கூட்டினால் ஏறத்தாழ 18,160 டொலர், 13 வீத எச்எஸ்ரி வரியோடு 20,500 டொலருக்கு மேல். இது நான் உதாரணத்துக்கு எடுத்த எண்தான். உங்கள் ஒப்பந்தத்தின் எண்களைப் போட்டு இதே மாதிரிப் பெருக்கிப் பாருங்கள். பிறகு இரண்டு மூன்று இடத்தில், அதே ஃபேர்னஸை முழுப் பணமும் கொடுத்து வாங்கிப் பூட்ட எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு எண்ணையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர் எவரும் வாசலில் நின்று கையெழுத்துப் போட்டதை நான் காணவில்லை.

பூட்ட வருபவரைச் சரிபார்க்க 'ரீஎஸ்எஸ்ஏ டொட் ஓ ஆர் ஜி' தளத்துக்குப் போங்கள். எரிவாயுக் கருவிகளில் வேலை செய்யும் பதிவுபெற்ற ஒப்பந்தகாரரை அங்கே தேடலாம். 'ஒன்ராறியோ டொட் சீஏ' தளத்தில் 'கொன்சியூமர் பிவெயார் லிஸ்ற்' என்று தேடினால், முறைப்பாடுகளுக்குப் பதில் சொல்லாத, அல்லது நுகர்வோர் சட்டப்படி நடவடிக்கைக்கு உள்ளான வியாபாரங்களின் பெயர்கள் வரும். பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக நல்லவர் என்று எடுத்துவிடாதீர்கள். பெயரை மாற்றிக்கொண்டு வருவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் திகதியைப் பாருங்கள். வீட்டில் வைத்து எழுதிய, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி கையில் கிடைத்ததிலிருந்து பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். தொலைபேசியில் சொல்லிவிட்டு இருக்காதீர்கள். மின்னஞ்சலாக அல்லது பதிவுத் தபாலாக அனுப்பி, அனுப்பியதற்கான அத்தாட்சியைக் கவனமாக வையுங்கள். பத்து நாள் கடந்தாலும் மனம் தளரவேண்டாம். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புப் பகுதியின் இலக்கம் 1-800-889-9768, அழைப்பு இலவசம்.

அடுத்தது ஹைட்ரோ. நவம்பர் 1 அன்று மின்சார விலை மட்டுமல்ல, நேர அட்டவணையும் மாறுகிறது. பலருக்கு இது தெரியாது. நேரத்துக்கேற்ற விலைத் திட்டத்தில் இருப்பவருக்குக் கோடையில் பகல் 11 முதல் பின்னேரம் 5 வரைதான் கூடிய விலை. குளிர்காலத்தில், அதாவது ஏப்ரல் கடைசிவரை, வார நாட்களில் காலை 7 முதல் 11 வரையும் பின்னேரம் 5 முதல் 7 வரையும் கூடிய விலை. இரவு 7 மணியிலிருந்து மறுநாள் காலை 7 வரையும், சனி ஞாயிறு முழுக்கவும் குறைந்த விலை. பின்னேரம் 5 முதல் 7 வரை எங்கள் வீடுகளில் சோறு கறி வேகும் நேரம், அதை மாற்றச் சொன்னால் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்கள். ஆனால் உடுப்புத் தோய்ப்பதையும் ட்ரையரையும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தையும் 7 மணிக்குப் பிறகு போடலாம்.

இதைத் தவிர வேறு இரண்டு திட்டங்கள் உண்டு. ஒன்றில் நேரம் முக்கியமில்லை. குளிர்காலத்தில் மாதத்துக்கு முதல் 1,000 கிலோவாட் மணி ஒரு விலை, அதற்கு மேல் கூடிய விலை. பகலிலும் வீட்டில் ஆட்கள் இருக்கிற, ஆனால் மொத்தப் பாவனை குறைந்த குடும்பத்துக்கு இது சரிவரலாம். பேஸ்மென்றிலும் ஒரு குடும்பம் இருந்து ஒரே மீற்றர் ஓடினால் 1,000 சீக்கிரம் முடிந்துவிடும். மற்றது 2023 இல் வந்த திட்டம். இரவு 11 முதல் காலை 7 வரை மிகக் குறைந்த விலை, ஆனால் வார நாட்களில் பின்னேரம் 4 முதல் 9 வரை மிகக் கூடிய விலை. மின்சாரக் காரை இரவில் சார்ஜ் பண்ணுபவருக்கு நல்லது. பின்னேரம் ஐந்து பேர் வந்து சேரும் வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். ஊகிக்கத் தேவையில்லை, 'ஓ ஈ பீ டொட் சீஏ' என்ற ஒன்ராறியோ எனர்ஜி போர்ட்டின் தளத்தில் உங்கள் பாவனையைப் போட்டால் மூன்று திட்டத்தின் பில்லும் பக்கத்தில் பக்கத்தில் வரும். திட்டத்தை மாற்றும்போது டெலிவரிக் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் வராது, மின்சார வரிதான் மாறும்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 'ஒன்ராறியோ எலெக்ற்றிசிற்றி சப்போட் டொட் சீஏ' தளத்தில் விண்ணப்பித்தால், தகுதியிருந்தால், மாதாமாதம் பில்லிலேயே கழிவு வரும். வருமானத்தை வரித் திணைக்களப் பதிவோடு ஒப்பிடுவார்கள். அதனால்தான் நான் ஒவ்வொரு வருடமும் தொண்டை கிழியச் சொல்கிறேன்: உழைப்பே இல்லாவிட்டாலும் வருமானவரிப் பத்திரத்தைத் தாக்கல் செய்யுங்கள். இன்னொன்று, நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை கட்டணம் கட்டவில்லை என்பதற்காக வீட்டு மின்சாரத்தை வெட்ட முடியாது. ஆகவே ஜனவரியில் "இன்று இரண்டு மணிக்குள் கட்டாவிட்டால் வெட்டுவோம்" என்று அழைப்பவர் கள்ளன். பேசாமல் வையுங்கள். ஆனால் உண்மையான பாக்கி மே மாதத்தில் உங்களைத் தேடி வரும்.

ரயர் பற்றிச் சுருக்கமாக. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் ரப்பர் இறுகிவிடும், அதனால் முதல் பனி விழும்வரை காத்திருக்க வேண்டாம். மலையும் பனித்துகளும் உள்ள அடையாளம் ரயரில் இருக்க வேண்டும். வின்ரர் ரயர் போட்டால் கழிவு தரவேண்டும் என்று 2016 முதல் ஒன்ராறியோவின் வாகனக் காப்புறுதிக் கம்பனிகளுக்கு விதி உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள். பாவித்த ரயர் வாங்குபவர்கள் பக்கவாட்டில் டிஓரி என்ற எழுத்துக்களுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3219 என்றால் 2019 ஆம் ஆண்டின் 32வது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதிதுபோல இருக்கும், வயது மட்டும் போயிருக்கும்.

கடைசியாக கார்பன் மொனொக்சைட். ஊரில் அடுப்பு சரியாக எரியாவிட்டால் புகை கண்ணைக் கரிக்கும். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2008 டிசம்பரில் வூட்ஸ்ரொக் நகரில் புகைபோக்கி அடைபட்டு ஒரே வீட்டில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். அதன் பிறகே, 2013 இல், இந்த அலாரத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. 2026 ஜனவரி 1 முதல் விதி இன்னும் இறுக்கம்: எரிவாயுக் கருவியோ, நெருப்பிடமோ, வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால் படுக்கையறைப் பக்கத்தில் மட்டுமல்ல, ஒவ்வொரு மாடியிலும் ஒன்று வேண்டும். பேஸ்மென்றை வாடகைக்கு விட்டிருப்பவர்களே, அங்கேயும்தான். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கும்போது அலாரத்தின் பற்றரியையும் மாற்றுங்கள். அலாரத்தின் பின்பக்கத்தைத் திருப்பினால் அது எந்த ஆண்டுவரை வேலை செய்யும் என்று எழுதியிருக்கும். என் வீட்டில் இருந்ததை அப்படித் திருப்பிப் பார்த்தபோது அது காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது.