கண்ணைத் திறந்து வைக்கும் மாத்திரை

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வளர்ந்த சில டாபர்மேன் நாய்களுக்கு ஒரு வினோத நோய் இருந்தது. பிடித்த தீனியைக் கண்டு துள்ளி ஓடிவரும்; தட்டை நெருங்கியதும் கால்கள் துவண்டு சரிந்துவிடும். 'நார்கோலெப்சி' என்ற இந்த நோய் மனிதர்களுக்கும் வரும். 1880இல் அதற்குப் பெயர் வைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் ழெலினோ. இரவெல்லாம் படுத்து எழுந்தாலும், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கும். வாய்விட்டுச் சிரித்தால் சிலருக்கு முழங்கால் மடங்கிவிடும்.

காரணம் 1999இல்தான் பிடிபட்டது. அந்த நாய்களின் மூளையில், ஒரெக்சின் என்ற வேதிப்பொருளை உணரும் ஏற்பி பழுதாகியிருந்ததை எம்மானுவேல் மின்யோவின் குழு கண்டறிந்தது. ஒரெக்சின் சுரக்காத எலிகளும் அதே போலச் சரிவதை யானகிசாவா என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலுள்ள சில பத்தாயிரம் நரம்புச் செல்கள்தான் இதைச் சுரக்கின்றன. நம் விழிப்பைக் கலையாமல் காப்பவை அவையே. நார்கோலெப்சி நோயாளிகள் பலரின் மூளையில் அந்தச் செல்கள் ஏறக்குறைய முழுதும் இல்லாமல் போயிருந்தது 2000இல் தெரியவந்தது.

வியப்பு என்னவென்றால், காரணம் தெரியும் முன்பே மருந்து வந்துவிட்டது. பிரான்சின் லஃபோன் ஆய்வகம் 1970களில் தொடங்கிய தேடலில் கிடைத்த மொடாஃபினிலுக்கு 1998இல் அமெரிக்கா அனுமதி தந்தது. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் மறுபடி உறிஞ்சப்படுவதை அது தடுக்கிறது, விழிப்பு நீடிக்கிறது. வழக்கமான அளவு காலையில் 200 மில்லிகிராம். உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 15 மணி நேரம் ஆகும். மாலையில் விழுங்கினால் அன்றைய இரவுத் தூக்கம் போய்விடும். இழந்த ஒரெக்சினை இது திருப்பித் தராது, நோயையும் குணப்படுத்தாது. ஒரெக்சின் ஏற்பியையே தூண்டும் மருந்துகளுக்கான ஆராய்ச்சி தனியே நடக்கிறது. அவற்றில் ஒன்றின் சோதனை, கல்லீரல் பாதிப்பால் 2021இல் நிறுத்தப்பட்டது.

இரவுப் பணியால் தூக்கம் கெட்டவர்களுக்கும், குறட்டையோடு மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா நோயாளிகளுக்கும் மொடாஃபினில் தரப்படுகிறது. ஆனால் ஆப்னியாவுக்கு முதல் சிகிச்சை, மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவிதான். அதைப் பயன்படுத்தியும் பகலில் கண் அயர்ந்தால் மட்டுமே மாத்திரை.

நோயே இல்லாதவரையும் இது விழித்திருக்க வைக்கும் என்பதில்தான் ஆபத்து. தேர்வுக்குக் கண் விழிக்கும் மாணவர்களும், இரவு பகலாகக் கணினி முன் இருப்பவர்களும் இதைத் தேடுகிறார்கள். ஓட்டப்பந்தய வீராங்கனை கெல்லி ஒயிட், 2003 உலகப் போட்டியில் இந்த மருந்தால் ஊக்கமருந்துச் சோதனையில் பிடிபட்டார். தலைவலி, குமட்டல், படபடப்பு வரலாம். அரிதாக உயிரையே பறிக்கும் தோல் ஒவ்வாமையும் வரலாம். கருத்தடை மாத்திரையின் பலனையும் இது குறைக்கும். விழித்திருந்தாலும் தூக்கத்தின் பாக்கி அப்படியே நிற்கும்.

பகல் தூக்கத்தை அளக்க எப்வர்த் என்ற எளிய கேள்விப் பட்டியல் இருக்கிறது: எட்டுச் சூழல்கள், மொத்தம் 24 மதிப்பெண். பத்தைத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். குறட்டையா, தைராய்டு குறைவா, ரத்தசோகையா, ஒவ்வாமைக்குத் தின்னும் மாத்திரையின் விளைவா, வெறுமனே தூங்கும் நேரம் போதவில்லையா என்று அவர் பிரித்துச் சொல்வார். மருந்துச் சீட்டு அதற்குப் பிறகு வரட்டும்.