அழகான வீடு யாருக்கு?

வீடு என்றால் என்ன? நான்கு சுவரும் ஒரு கூரையும் இருந்தால் போதுமா? வெளிச்சம் வேண்டாமா? காற்று வேண்டாமா? பார்க்க அழகாக இருக்க வேண்டாமா?

"கூலி வேலை செய்பவருக்கு அழகு எதற்கு? ஒண்ட ஓர் இடம் கிடைத்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலும் பலர் இப்படித்தான் நினைத்தார்கள். அந்த நினைப்பு தவறு என்று காட்ட லண்டன் நகரில் ஒரு குடியிருப்பு எழுந்தது. அதன் பெயர் பவுண்டரி குடியிருப்பு. இன்றும் அங்கே மக்கள் வாழ்கிறார்கள். அதன் கதையைத் தெரிந்துகொள்வோம்.

முன்பு அங்கே என்ன இருந்தது?

லண்டன் நகரின் கிழக்குப் பக்கம் அந்தக் காலத்தில் ஏழைகள் வாழ்ந்த பகுதி. அங்கே 'ஓல்ட் நிக்கல்' என்று ஓர் இடம் இருந்தது. குறுகலான சந்துகள். இடிந்த வீடுகள். ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்து எழுந்தது. சுவர்களில் ஈரம் ஊறியது. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே குழாய், ஒரே கழிப்பிடம்.

அங்கே இருந்தவர்கள் உழைப்பாளிகள். மேசை, நாற்காலி செய்பவர்கள் இருந்தார்கள். தெருவில் கூவி விற்பவர்கள் இருந்தார்கள். பெண்கள் வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டினார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை வாங்கிக்கொண்டார்கள். வீட்டைப் பழுது பார்க்கவில்லை. அங்கே சாவு அதிகம். சுற்றியுள்ள பகுதிகளைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிறந்த குழந்தைகள் பல, ஒரு வயது ஆகும் முன்பே இறந்தன.

1889இல் லண்டன் கவுண்டி கவுன்சில் அமைந்தது. இது மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி மன்றம். 1890இல் உழைப்பாளர் வீட்டு வசதிச் சட்டம் வந்தது. மோசமான வீடுகளை இடிக்கலாம், புதிய வீடுகள் கட்டலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. கவுன்சில் சுமார் 15 ஏக்கர் நிலத்தில் இருந்த பழைய வீடுகளை இடித்தது. புதிய குடியிருப்பு எழுந்தது. 1900ஆம் ஆண்டு மார்ச் மாதம் இளவரசர் எட்வர்டு அதைத் திறந்து வைத்தார்.

கலையும் கைவினையும்

குடியிருப்பைத் திட்டமிட்டவர் ஓவன் ஃபிளெமிங். அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் இளைஞர்கள். 'கலை கைவினை இயக்கம்' அவர்கள் மனத்தைக் கவர்ந்திருந்தது.

அது என்ன இயக்கம்? அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் எங்கும் தொழிற்சாலைகள் பெருகின. இயந்திரம் ஒரே மாதிரிப் பொருள்களைச் செய்து குவித்தது. கைவேலைக்காரரின் மதிப்பு குறைந்தது. வில்லியம் மாரிஸ் என்ற அறிஞர் இதைக் கண்டு வருந்தினார். நாம் அன்றாடம் பயன்படுத்தும் பொருள் உறுதியாக இருக்க வேண்டும், அழகாகவும் இருக்க வேண்டும் என்றார். அழகு பணக்காரருக்கு மட்டும் உரியது அல்ல என்றார். அவருடைய கருத்தைப் பலர் ஏற்றார்கள். வீடு கட்டுவதிலும் அது பரவியது.

கட்டடங்களைச் சுற்றிப் பார்ப்போம்

குடியிருப்பின் நடுவே வட்டமான ஒரு மேடு இருக்கிறது. அதன் பெயர் ஆர்னால்டு சர்க்கஸ். இங்கே சர்க்கஸ் என்றால் யானை, குதிரை காட்டும் கூடாரம் இல்லை. வட்டமான இடத்துக்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு பெயர். இந்த மேடு எப்படி வந்தது? இடித்த வீடுகளின் செங்கல்லையும் மண்ணையும் குவித்து உண்டாக்கினார்கள். மேட்டின் மேல் பூங்கா அமைத்தார்கள். 1910இல் அதன் உச்சியில் பாட்டுக் கச்சேரிக்கு ஒரு மண்டபம் கட்டினார்கள்.

மேட்டைச் சுற்றி ஏழு தெருக்கள் பிரிந்து போகின்றன. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல என்று சொல்லலாம். தெருக்கள் அகலமானவை. ஓரங்களில் மரங்கள். கட்டடங்களுக்கு இடையே நல்ல இடைவெளி விட்டார்கள். அதனால் அறைகளுக்குள் வெளிச்சமும் காற்றும் வந்தன.

சுமார் 20 கட்டடங்கள் இருக்கின்றன. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. சிவப்புச் செங்கல் சில வரிசை, மஞ்சள் செங்கல் சில வரிசை என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். சேலையின் கரைபோலச் சுவரில் பட்டைகள் தெரிகின்றன. இந்த அழகுக்குப் பளிங்குக் கல் தேவைப்படவில்லை. சிலைகள் தேவைப்படவில்லை. செங்கல்லும் கொத்தனாரின் கைத்திறனுமே போதும்.

கூரைகள் சரிவானவை. அவற்றின் முகப்பு முக்கோணமாக இருக்கும். மழையும் பனியும் வழிந்து ஓட இது உதவும். அது குளிர்நாடு. அறைக்குள் கணப்பு மூட்டுவார்கள். அந்தப் புகை வெளியே போக உயரமான புகைபோக்கிகள் உண்டு. ஜன்னல்கள் மேலும் கீழும் தள்ளித் திறப்பவை.

மொத்தம் 1,069 வீடுகள். பெரும்பாலானவை இரண்டு அல்லது மூன்று அறை கொண்டவை. துணி துவைக்க ஒரு பொதுக் கூடம் கட்டினார்கள். அங்கே குளியலறைகளும் இருந்தன. கடைகள் இருந்தன. கைத்தொழில் செய்யத் தனிப் பட்டறைகள் இருந்தன. கட்டடங்களுக்குத் தேம்ஸ் நதிக்கரை ஊர்களின் பெயர்களை வைத்தார்கள். மார்லோ, சன்பரி, குக்கம் என்று பெயர்கள்.

பழைய மக்கள் எங்கே போனார்கள்?

இப்போது ஒரு முக்கியமான கேள்வி. இடித்த வீடுகளில் 5,700 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். புதிய வீடுகளில் ஏறக்குறைய அதே அளவு பேர் வாழ இடம் இருந்தது. பழைய மக்களில் எத்தனை பேர் இங்கே குடிவந்தார்கள் தெரியுமா? 11 பேர் மட்டுமே.

ஏன் அப்படி ஆனது? புதிய வீட்டின் வாடகை அதிகம். அதைத் தவறாமல் கட்ட வேண்டும். தினக்கூலிக்காரருக்கு ஒரு வாரம் வேலை இருக்கும், மறு வாரம் இருக்காது. வீட்டுக்குள் தொழில் செய்யவும் கூடாது. தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்தவர் என்ன செய்வார்? மேலும், பழைய வீட்டை இடித்துப் புதிய வீடு கட்டி முடிக்க ஆண்டுகள் பல ஆயின. அதுவரை மக்கள் தெருவில் காத்திருக்க முடியுமா? அவர்கள் பக்கத்துச் சந்துகளுக்குப் போனார்கள். அங்கே முன்பைவிட நெருக்கடி கூடியது.

புதிய வீடுகளுக்கு நிலையான சம்பளம் உள்ளவர்கள் வந்தார்கள். எழுத்தர்கள், போலீஸ்காரர்கள், செவிலியர்கள், தேர்ந்த தொழிலாளிகள் வந்தார்கள்.

பிற்காலத்தில் வங்கதேசத்திலிருந்து வந்த பல குடும்பங்கள் இங்கே குடியேறின. இன்று இந்தக் கட்டடங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அனுமதி இல்லாமல் யாரும் இடிக்கவோ மாற்றவோ முடியாது. மேட்டின் மேல் உள்ள மண்டபத்தை 2010இல் புதுப்பித்தார்கள்.

இந்தக் குடியிருப்பு நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. உழைப்பவர்களுக்கு வெளிச்சமும் காற்றும் அழகும் உள்ள வீட்டைக் கட்ட முடியும். நூறு ஆண்டுக்கு மேலாக நிற்கும் சுவர்களே அதற்குச் சாட்சி. ஆனால் வீடு நன்றாக இருந்தால் மட்டும் போதாது. யாருக்காகக் கட்டுகிறோமோ அவர்களுக்கு அது எட்ட வேண்டும். அவர்கள் வருமானம் என்ன, தொழில் என்ன, இடையில் எங்கே தங்குவார்கள் என்று முதலிலேயே அவர்களிடம் கேட்க வேண்டும்.

சிந்திப்போம், பேசுவோம்

1. ஓல்ட் நிக்கல் பகுதியில் சாவு அதிகமாக இருந்தது ஏன்?

2. அதிகச் செலவு இல்லாமல் வீட்டை அழகாக்க என்ன செய்யலாம்?

3. உங்கள் ஊரில் பழைய வீடுகளை இடித்துப் புதிய வீடுகள் கட்டினார்களா? பழைய மக்களுக்கு அவை கிடைத்தனவா?